பெரிய ஹெட்போனுக்கு மாறினால்: முதல் பதினைந்து நாள்

திருப்பூர் அனுப்பர்பாளையத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, வீடு பாத்திரப் பட்டறைத் தெருவில். நான்கு வருடமாக ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் ஹெட்போன் வைத்திருக்கிறார். தீபாவளி போனஸில் சென்ஹைசர் எச்டி 600 வாங்கலாம் என்று ஆசை. "இவ்வளவு காசு போட்டா நெஜமாவே வித்தியாசம் தெரியுங்களா அண்ணா? ஃபோன்லயே கேக்கலாமா, இல்ல டேக், ஆம்ப்னு தனியா வாங்கோணுங்களா? மொத நாள் எப்படி இருக்கும்?" இதுதான் கேள்வி. (டேக் என்பது டிஜிட்டல் பாட்டை மின் அலையாக மாற்றுகிற கருவி, ஆம்ப் அந்த அலையைப் பெருக்குகிற கருவி.)

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். காசைப் பற்றியும் ஆம்பைப் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். முதல் நாள் எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. அது தெரியாமல் வாங்கித்தான் நிறையப் பேர் வந்த வேகத்திலேயே விற்றுவிடுகிறார்கள்.

முதல் நாள் ஏமாற்றமாகத்தான் இருக்கும் தம்பி. பேஸ் குறைந்துபோன மாதிரி இருக்கும். பாட்டு மெலிந்து, ஒரு அடி தள்ளி நிற்கிற மாதிரி இருக்கும். "இதுக்கா இத்தனை ஆயிரம்" என்று தோன்றும்.

நான் கோவை காந்திபுரத்தில் ஆம்ப், ஸ்பீக்கர் சர்வீஸ் பார்க்கிறவன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஹெட்போனை வாங்கிய மூன்றாம் நாள் அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "பழுதான பீஸைக் கொடுத்துட்டாங்களான்னு பாருங்க" என்று சொன்னவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். மல்டிமீட்டரை வைத்தால் இடது பக்கம், வலது பக்கம் இரண்டும் 300 ஓமை (ஓம் என்பது மின்தடையின் அளவு) ஒட்டிக் காட்டும். காயில் நன்றாக இருக்கிறது, கேபிள் நன்றாக இருக்கிறது. அப்புறம் என் ஆம்பில் செருகி, வால்யூமை மெல்ல ஏற்றிக் காதில் மாட்டிவிடுவேன். முகம் மாறும். "இப்ப பரவால்லைங்க" என்பார்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் அந்தப் பாதி சத்தத்தின் அளவில்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். எம்50எக்ஸ் 38 ஓம். 1 மில்லிவாட் கொடுத்தால் 99 டெசிபல் சத்தம். எச்டி 600 முந்நூறு ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல். அதே 1 வோல்ட்டை எம்50எக்ஸுக்குக் கொடுத்தால் 113 டெசிபல் வருகிறது. ஃபோனில் வால்யூமைத் தொடாமல் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் 16 டெசிபல் இறங்கிவிடும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும்.

ஏன் இப்படி என்பதைக் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு விளக்குவது சுலபம். பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய கம்பியில் சுற்று அதிகமாகப் போட்டால் வோல்டேஜ் அதிகம் வேண்டும், கரண்ட் குறைவாக இழுக்கும். ஹெட்போனின் வாய்ஸ் காயிலும் அதே கதைதான், கம்பி மட்டும் தலைமுடியைவிட மெல்லியது.

இதில் இன்னொரு அடியும் சேர்கிறது. சத்தம் குறையும்போது எல்லா ஸ்வரமும் ஒரே மாதிரி குறைவதில்லை. அடி ஸ்வரங்கள் முதலில் காணாமல் போகும். இது நம் காதின் குணம். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே புது ஹெட்போன் மெதுவாகப் பாடினால், சத்தமும் போச்சு, பேஸும் போச்சு. ஒப்பிடுவதாக இருந்தால் முதலில் இரண்டின் சத்தத்தையும் சமமாக வையுங்கள். பல்லவியில் குரல் தனியாக வருகிற ஒரு இடத்தை எடுத்து, இரண்டிலும் குரல் ஒரே அளவில் கேட்கும்வரை வால்யூமைத் திருப்புங்கள். இதைச் செய்யாமல் எது நல்லது என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. கொஞ்சம் சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பது போலவே தோன்றும்.

மீதிப் பாதி பழக்கம். உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்ததுமே இது 160 ஜிஎஸ்எம் கனம், இது 180 என்று சொல்லிவிடுவீர்கள். கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் அது வந்திருக்காது. நூற்றுக்கணக்கான பீஸைத் தொட்டுத்தொட்டு வந்த அறிவு அது. காதுக்கும் அப்படித்தான். எம்50எக்ஸில் பேஸும் ட்ரெபிளும் கொஞ்சம் தூக்கலாக வைக்கப்பட்டிருக்கும். நான்கு வருடம் அதையே கேட்ட காதுக்கு அதுதான் சமதளம். எச்டி 600-இல் நடுப்பகுதி, அதாவது குரலும் வயலினும் வீணையும் வாழ்கிற இடம், ஏற்ற இறக்கம் இல்லாமல் வரும். தூக்கலைச் சமம் என்று எண்ணிப் பழகிய காதுக்குச் சமம் என்பது குறைச்சலாகத்தான் படும்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பேஸ் குறைவு என்பதில் ஒரு பங்கு பழக்கம், ஒரு பங்கு நிஜம். எச்டி 600-இல் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் சரிந்துகொண்டே போகும். பதினைந்து நாள் கேட்டாலும் ஒரு வருடம் கேட்டாலும் அது மாறாது. மாரியம்மன் நோம்பியில் ஜமாப் மேளம் அடிக்கும்போது நெஞ்சுக்குள் இறங்குமே ஓர் அதிர்வு, அதைத் தேடுகிறவருக்கு இந்த ஹெட்போன் சரிப்படாது. நீங்கள் அதிகம் கேட்பது குத்துப் பாட்டும் எலெக்ட்ரானிக் இசையும்தான் என்றால், இந்தக் காசை இதில் போட வேண்டாம் என்றே சொல்வேன்.

குரலுக்காகக் கேட்கிறீர்கள் என்றால் இப்படிச் செய்யுங்கள். நன்றாகப் பழகிய ஐந்து பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், மனப்பாடமாகத் தெரிந்தவை. தினம் ஒரு மணி நேரம் புதியதில் மட்டும் கேளுங்கள். பழையதை அலமாரியில் வைத்துவிடுங்கள், நடுவில் எடுக்காதீர்கள். பதினைந்தாம் நாள் பழையதை எடுத்து, அதே ஐந்தில் ஒன்றைப் போடுங்கள். வித்தியாசம் தெரிகிற நாள் அதுதான். பெட்டியைப் பிரித்த அன்று தெரியாது. திரும்பிப் போகிற அன்று தெரியும்.

எனக்கு அது ஒரு பழைய கச்சேரிப் பதிவில் நடந்தது. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், தம்புரா. இரண்டு வாரம் அதைத் திறந்த ஹெட்போனில் (எச்டி 600 மாதிரி, பின்பக்கம் வெறும் வலையாக இருப்பது) கேட்டுவிட்டு, ஒரு ராத்திரி கடையைச் சாத்தின பிறகு என் பழைய மூடிய ஹெட்போனை மாட்டினேன். குரல் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. அதைவிட மிருதங்கத்தில் ஒன்றைக் கவனித்தேன். தொப்பிப் பக்கத்தில் கையை அழுத்தி இழுக்கும்போது ஸ்வரம் வளைந்து ஏறுமே, அந்தக் கும்கி புதியதில் முழு வளைவாகக் கேட்டிருந்தது. எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று விரலால் காட்டலாம். பழையதில் அது ஒரு 'தொம்' மட்டும்தான். வளைவு தம்புராவின் மந்தரத்துக்குள் கரைந்துவிட்டது. அடுத்த வரிக்கு முன் பாடகர் மூச்சு இழுப்பதும் அப்படித்தான்: பழையதிலும் கேட்டது, ஆனால் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்ததே புதியதில் கேட்ட பிறகுதான். காசு கொடுத்து வாங்குவது இதைத்தான் தம்பி. புதிதாக ஒரு சத்தம் வந்து சேராது. ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தவை பிரிந்து நிற்கும்.

80-களின் சினிமாப் பாட்டு கேட்கிறவருக்கு இது பெரிய விருந்து. பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டு வாசித்துக்கொண்டு போவது தபலாவிலிருந்து பிரிந்து கேட்கும். வயலின் கூட்டம் இரண்டு பக்கமும் பிரிந்து பேசிக்கொள்வது கேட்கும். கூடவே டேப்பின் 'ஸ்ஸ்' இரைச்சலும், சரணத்தில் வெட்டி ஒட்டின இடமும் கேட்கும். யாரோ கேசட்டிலிருந்து எடுத்து, நாலு கை மாறி, யூடியூபில் ஏற்றின பாட்டு இனிமேல் எரிச்சல் தரும். அதற்கு ஹெட்போனைக் குறை சொல்ல முடியாது; நல்ல பதிவாகத் தேடுங்கள். நல்ல பதிவு என்றால் விலை உயர்ந்த ஹை-ரெஸ் சந்தா தேவையில்லை. ஒழுங்காக எடுத்த 320 கிலோபிட் எம்பி3-ஐயும், 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் சிடி தரத்தையும் கண்ணை மூடிக் கேட்டுப் பிரித்துச் சொல்லப் பெரும்பாலானவர்கள் திணறுவார்கள். என்னாலும் பல பாட்டில் முடியவில்லை.

விலையைப் பற்றி. இரண்டு மடங்கு காசு கொடுத்தால் இரண்டு மடங்கு நன்றாக இருக்கும் என்ற கணக்கு இந்தத் துறையில் நிற்காது. ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன், இயர்போன்களின் அளவீடுகளை எடுத்து, விலையோடு ஒப்பிட்டு 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எந்த ஸ்வரம் எவ்வளவு ஏறி இறங்கி வருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் அதன் முடிவு. நீங்கள் கேட்கிற எச்டி 600-ஏ 1997-இல் வந்தது, இன்றும் விற்கிறது. இது ஃபோன் மாதிரி வருடா வருடம் மாறுகிற பொருளே இல்லை. அதே சென்ஹைசர் கம்பெனியில் 2020-இல் வந்த எச்டி 560எஸ் விலை குறைவு, 120 ஓம், அடி பேஸ் இன்னும் கீழே இறங்கும். குரலின் இயல்பில் நான் எச்டி 600-ஐத்தான் எடுப்பேன். ஆனால் முதல் முறை திறந்த ஹெட்போன் வாங்குகிறவர் 560எஸ்-ஓடு நின்றுவிட்டாலும் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

அதற்கும் முன்னால், பெரிதாகக் காசு செலவழிக்காமல் ஒரு வேலை. நான்கு வருட எம்50எக்ஸ் என்கிறீர்கள். அதன் காது மெத்தை இந்நேரம் தட்டையாகி, நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் ரெக்சின் தோல் உரிந்து கன்னத்தில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்குமே? மெத்தை தட்டையானால் காதைச் சுற்றி இடைவெளி விழும், பேஸ் அந்த வழியாகக் கசியும். சத்தம் எழுப்புகிற ட்ரைவரும் காதும் நெருங்கிவிடுவதால் மேல் ஸ்வரமும் மாறும். நீங்கள் இப்போது கேட்பது எம்50எக்ஸையே அல்ல, தேய்ந்துபோன எம்50எக்ஸை. சில நூறு ரூபாய் மெத்தையை மாற்றிப் பாருங்கள். அசல் மெத்தையின் அதே ஆழம், அதே துளை அளவு உள்ளதாக வாங்குங்கள். நான் ஒருமுறை பார்க்க அழகாக இருக்கிறது என்று தடிமனான வேறு மெத்தை போட்டேன், குரல் பின்னுக்குப் போய்விட்டது. அசலைத் திரும்பப் போட்டபிறகுதான் சரியானது.

இரண்டாவதாக, ஈக்வலைசர். ஆட்டோஈக்யூ என்று ஒரு இலவசத் திட்டம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஹெட்போன்களை அளந்த கணக்கை வைத்து, எந்த இடத்தில் எத்தனை டெசிபல் ஏற்றி இறக்க வேண்டும் என்று கொடுத்திருப்பார்கள். எம்50எக்ஸுக்கான அளவை உங்கள் ஃபோன் ஈக்வலைசரில் போட்டு ஒரு வாரம் கேளுங்கள். சமமான ஒலி உங்களுக்குப் பிடிக்குமா, சப்பென்று இருக்குமா என்று காசு போடும் முன்பே தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் எச்டி 600-உம் பிடிக்காமல் போக வாய்ப்பு அதிகம்.

டேக், ஆம்ப் கேள்விக்கு வருகிறேன். ஃபோனில் ஹெட்போன் துளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு சின்ன யூஎஸ்பி-சி டாங்கிள் வாங்குங்கள், டேக்கும் ஆம்பும் அதற்குள்ளேயே இருக்கும். ஒரு டாங்கிள் 1 வோல்ட் கொடுத்தால் உச்சத்தில் 97 டெசிபல். சினிமாப் பாட்டுக்கு அது ஏறக்குறைய போதும், ஏனென்றால் அவை சத்தமாகவே பதிவாகியிருக்கின்றன. மெதுவாகப் பதிவான கச்சேரிக்குப் பற்றாது. 2 வோல்ட் டாங்கிள் என்றால் இன்னும் 6 டெசிபல் ஏறும். 300 ஓமில் 2 வோல்ட் என்பது வெறும் 13 மில்லிவாட்தான். இதற்கு மேசையை அடைக்கிற ஆம்ப் தேவையில்லை. வாங்கும்போது வெளியீட்டு இம்பீடன்ஸை, அதாவது டாங்கிளின் சொந்த ஓமை மட்டும் பாருங்கள்; ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். இன்றைய நல்ல டாங்கிள்கள் பெரும்பாலும் 1 ஓம், 2 ஓம்தான், கவலை இல்லை. இன்னொன்று, பழைய வீடுகளில் எர்த் சரியில்லாத பிளக்கில் பெரிய ஆம்பைச் செருகிவிட்டு, 'ம்ம்ம்' என்று இரைகிறதே என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. பேட்டரியில் ஓடுகிற ஃபோனில் அந்தத் தொல்லையே கிடையாது. டேக் மாற்றுவதால் வரும் வித்தியாசம், ஹெட்போன் மாற்றுவதால் வரும் வித்தியாசத்துக்குப் பக்கத்தில்கூட நிற்காது. வெள்ளிக் கேபிள், நூறு மணி நேரம் ஓடவிட்டுப் பதப்படுத்துவது, இவற்றில் நேரத்தையும் காசையும் விட வேண்டாம். நாளாக நாளாக மெத்தை இளகும், தலைப்பட்டையின் பிடி தளரும். உண்மையில் மாறுவது அதுதான். முதல் வாரம் கன்னத்தை நன்றாகவே நெருக்கும்.

காதைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனசு வராது.

நான் பிறந்து வளர்ந்தது சோமனூர் பக்கம். வீட்டை ஒட்டியே தறி குடோன், எட்டுத் தறி. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கிற சத்தத்தில்தான் தூங்குவோம்; தறி நின்றால்தான் முழிப்பு வரும். ஓடுகிற தறிக்கூடத்துக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டிவிடும். எங்கள் அப்பா முப்பது வருடம் அதற்குள் நின்றவர். கடைசிக் காலத்தில் டிவி செய்தியில் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடாது. "சத்தமா வெய்யி கண்ணு" என்பார். சத்தமாக வைத்தாலும் ச, த, ப எல்லாம் அவருக்கு ஒன்றாகத்தான் இருந்தது. இரைச்சலில் கெடுகிற காது முதலில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் கெடும். மெய்யெழுத்தின் கூர்மை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அவர் போன பிறகு நானும் போய் ஆடியோகிராம், அதாவது காது கேட்கும் திறனை அளக்கிற சோதனை, எடுத்தேன். கண்ணாடி வைத்த சின்ன அறை, கையில் ஒரு பொத்தான். 'கீ' என்று சத்தம் வரும்போதெல்லாம் அமுக்க வேண்டும். 250, 500, 1000 என்று அமுக்கிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் நீண்ட அமைதி. முடிந்துவிட்டது போல என்று நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் இன்னும் டயலைத் திருப்பிக்கொண்டே இருந்தார். வலது காதில் 4,000 ஹெர்ட்ஸில் 25 டெசிபல் பள்ளம். அதுவரை நான் மூன்று ஹெட்போன் மாற்றியிருந்தேன், "வலது பக்கம் டல்லா இருக்கு" என்று.

அதனால்தான் சொல்கிறேன். ஹெட்போனுக்குக் காசு ஒதுக்கும்போது ஆடியோகிராமுக்கும் சில நூறு ரூபாய் சேர்த்து ஒதுக்குங்கள். உங்கள் வீடு பாத்திரப் பட்டறைத் தெருவில். சுத்தியல் சத்தம் காலையிலிருந்து காதில் விழுந்துகொண்டிருக்கும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம்வரை பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்.

இந்த இடத்தில்தான் உங்கள் தெருவும் எச்டி 600-உம் மோதும். அது திறந்த ஹெட்போன். பின்பக்கம் வெறும் வலை. வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும், உங்கள் பாட்டு அப்படியே வெளியே போகும். பகலில் பட்டறை ஓடும்போது அதை மாட்டினால் சுத்தியலை மீறிக் கேட்க வால்யூமை ஏற்றுவீர்கள். காசும் வீண், காதும் வீண். பொழுதோட பட்டறை அடங்கி, வீட்டில் டிவியும் நின்ற பிறகு தினம் ஒரு மணி நேரம் கிடைக்குமா என்று வீட்டில் இருக்கிறவர்களைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கிடைக்கும் என்றால் தாராளமாக வாங்குங்கள். பாகம் பாகமாகக் கழற்றி மாற்றக்கூடிய பொருள், மெத்தையும் கேபிளும் தலைப்பட்டையும் தனித்தனியாகக் கிடைக்கும், பத்து வருடம் உழைக்கும். கிடைக்காது என்றால் எம்50எக்ஸுக்குப் புது மெத்தை போட்டு, ஈக்வலைசரைச் சரிசெய்துகொண்டு, வீடு மாறும்வரை காத்திருங்கள்.

எப்படியானாலும் எம்50எக்ஸை விற்க வேண்டாம். கோவைக்கு ரயிலில் வரும்போது அதுதான் உதவும். பதினைந்தாம் நாள் ஒப்பிடவும் அது வேண்டும். வாங்கினால், அந்தப் பதினைந்தாம் நாள் எந்தப் பாட்டில் என்ன கேட்டது என்று ஒரு வரி எழுதுங்கள்.